சட்டைக்கை ரகசியம்

“மாப்ளே, விலாங்கைக் கவுத்தது நான்தான்டா” என்று மாமா என் காதைக் கடித்தார்.

கால்பந்து ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம். கேலரியே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மாமா மட்டும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

மாமா என் அக்கா புருஷன். தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். விலாங்கு எங்கள் அணியின் விங்கர். வலது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் எவனிடமும் சிக்க மாட்டான், அதனால் அந்தப் பெயர். மற்றவன் கோல் போட்டால் கைதட்டுவோம். இவன் ஒருத்தனை ஏமாற்றிவிட்டுப் போனாலே எழுந்து நின்றுவிடுவோம்.

இன்று தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். அவனுக்கு இருபத்தொன்பது வயது. இதை விட்டால் இனிமேல் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

அப்படிப்பட்டவனை எதிரணியின் நெட்டை டிஃபெண்டர் ஒருவன் நாலு தடவை மடக்கிவிட்டான்.

“அந்த நெட்டையன் முந்தாநாள் நம்ம கடைக்கு வந்தான்டா. யாரோ வெளியூர்க்காரன்னு நினைச்சு, வழக்கம்போல விலாங்கைப் பத்தி ஆரம்பிச்சேன்.”

“அது நீங்க எல்லார்கிட்டயும் பேசுறதுதானே?”

“ரகசியத்தையும் சொல்லித் தொலைச்சிட்டேனே! வலது சட்டைக்கையை இழுத்து விட்டான்னா உள்பக்கம் வெட்டுவான். இழுக்கலேன்னா ஓரமாவே ஓடுவான். மூணு வருஷமா பார்த்துக் கண்டுபிடிச்சது. உங்க அக்காகிட்டக்கூடச் சொல்லல.”

“அவன்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?”

“அவ்வளவு பொறுமையா கேட்டான்டா! குறுக்கே ஒரு வார்த்தை பேசல. அப்படி ஒரு ஆள் கிடைச்சா நான் விடுவேனா?”

மாமாவின் வாய்க்குப் பூட்டுப் போட அக்காவாலேயே முடியவில்லை.

அதோ, விலாங்கு சட்டைக்கையை இழுத்தான். உள்ளே வெட்டினான். நெட்டையனின் கால் சரியாக அங்கே இருந்தது. ஐந்தாவது தடவை!

“எவனோ காட்டிக் கொடுத்துட்டான்யா! கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்” என்றார் பின்வரிசைக்காரர். மாமாவிடம் இருபது வருஷமாக முடி வெட்டிக்கொள்பவர். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்தார்.

“விலாங்குகிட்டயே சொல்லிடறேன்டா. ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?”

“வேணாம் மாமா, உதைப்பாங்க.”

“உதைக்கட்டும்!”

வீரர்கள் உள்ளே போகும் வழியில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே விலாங்கைப் பிடித்துவிட்டார். “தம்பி, இந்தப் பாவியை மன்னிச்சிடுப்பா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார்.

விலாங்கு தன் சட்டைக்கையையே பார்த்தான். “நான் சட்டையை இழுக்கிறேனா? எனக்கே தெரியாதேண்ணே!”

“இப்பத் தெரிஞ்சுடுச்சில்ல? இனிமே இழுக்காதே!”

“ரொம்ப நன்றிண்ணே” என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அவரை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. செய்த தப்பை நேரில் போய்ச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இரண்டாவது பாதி தொடங்கியது. விலாங்கு பந்தோடு கிளம்பினான். இடது கை வலது சட்டைக்கையை இழுக்க எழுந்தது. திடுக்கிட்டுக் கீழே இறக்கினான். அந்த நொடியில் பந்து காலைவிட்டுப் போய்விட்டது.

அடுத்த தடவை கையை இடுப்போடு ஒட்ட வைத்துக்கொண்டு ஓடினான். நடை பழகும் குழந்தை மாதிரி தடுமாறி விழுந்தான். அதற்குப் பிறகு பந்து வந்தாலே பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டான்.

“என்னடா ஆச்சு இவனுக்கு?” என்று மாமா நகத்தைக் கடித்தார்.

எழுபதாவது நிமிஷம் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிப் போனார்கள்.

மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாசலில் எதிரணியின் பஸ்ஸில் ஏறப்போன நெட்டையனை வழிமறித்தார்.

“ஏன்யா, நான் வெள்ளந்தியா சொன்னதை வச்சே அவனைக் கவுத்துட்டியே, இது உனக்கே அடுக்குமா?”

நெட்டையன் திருதிருவென்று விழித்தான். “என்ன சொன்னீங்க? முதல் பாதியில நான் குருட்டாம்போக்குல காலை நீட்டினேன், பந்து பட்டுது. ரெண்டாவது பாதியில என்னைக் கிழிச்சுடுவான்னு நடுங்கிக்கிட்டுதான் இறங்கினேன்.”

“முந்தாநாள் கடையில... அந்தச் சட்டைக்கை விஷயம்...”

“ஓ, அந்த சலூன்காரரா? தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே, பஸ்ல வந்த அசதி. நீங்க தலையில தண்ணி தெளிச்சதுமே நான் தூங்கிட்டேன்.”