சுவரோர நாற்காலி

"போன வியாழக்கிழமை இதே மேஜையில என் புருஷன் என்ன சாப்பிட்டாரு?"

மெனு அட்டையைத் திறக்காமலே கேட்டாள் அந்தப் பெண். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த சர்வர் எவரிஸ்தோ கையை நிறுத்தவில்லை.

"யாரு சென்யோரா உங்க புருஷன்?"

"ரொஹேலியோ. நல்ல உயரம், நரைச்ச மீசை, இடதுகைப் பழக்கம். எங்க போனாலும் சுவத்துல முதுகைச் சாய்ச்சுத்தான் உட்காருவாரு. அதான் நானும் இந்த நாற்காலியாப் பார்த்து உட்கார்ந்தேன்."

"ஞாபகமில்லையே."

"உங்களுக்கா ஞாபகமில்ல? புவெனஸ் அயர்ஸ் முழுக்க உங்களப் பத்தித்தான் பேச்சு. கல்யாணக் கூட்டமே வந்து ஆர்டர் சொன்னாலும் எவரிஸ்தோ பேப்பர், பேனா தொடமாட்டாராமே."

"அதெல்லாம் தட்டு மேஜைக்கு வர்ற வரைக்கும்தான் சென்யோரா. பில் குடுத்ததும் மேஜையும் காலி, தலையும் காலி. சான் லொரென்சோ டீம் போட்ட கோல் ஏதாவது கேளுங்க, சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

எவரிஸ்தோ சொன்னது கலப்படமில்லாத பொய். வியாழன் மதியம் ரொஹேலியோவுக்கு மிலனேசா என்கிற பொரித்த இறைச்சி, மேலே இரண்டு முட்டை. எதிர் நாற்காலியில் பச்சைச் சால்வை போட்ட ஒருத்திக்கு வெங்காயம் போடாத உருளைக்கிழங்கு ஆம்லெட். கடைசியில் இருவருக்குமாக ஒரே ஒரு ஃப்ளான் புட்டிங், இரண்டு ஸ்பூன். இரண்டு மூன்று மாதமாக ஒவ்வொரு வியாழனும் இதேதான்.

அதைச் சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா? முன்பு இந்த மேஜைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு வக்கீலின் மனைவியிடம் வாயை விட்டான். அன்று சாயங்காலமே ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். ஐம்பது வயதைத் தாண்டிய எவரிஸ்தோவுக்கு வேலை போனால், வேறு எந்தக் கடையும் கதவைத் திறக்காது.

"உங்க முதலாளி எனக்குத் தெரிஞ்சவருதான். அவர்கிட்ட போய்ச் சொல்லவா?"

"தாராளமாச் சொல்லுங்க. மறந்து போனதுக்கு இங்க யாரையும் வேலைய விட்டு அனுப்பினதில்ல. ஞாபகமாச் சொன்னதுக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

அதற்குள் சமையலறையில் மணி அடித்தது. கைநிறையத் தட்டுகளோடு நடுமேஜைக்குப் போனார். அங்கே ஒரு கல்லூரிக் கூட்டம். சரசரவென்று தட்டுகளை வைத்துக்கொண்டே போனார்.

"நான் ரவியோலிதானே கேட்டேன், மீனை வைக்கறீங்க?" என்றாள் ஒருத்தி.

எவரிஸ்தோ அப்போதுதான் முகங்களைப் பார்த்தார். "ஆர்டர் குடுத்துட்டு நாற்காலி மாறி உட்கார்ந்தது யாரு? மூஞ்சியையா நான் ஞாபகம் வச்சுக்கறேன்? கேட்ட நாற்காலிக்குத்தான் தட்டு வரும். நீங்களே மாத்திக்குங்க."

மேஜையே கொல்லென்று சிரித்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"சரி, விடுங்க. உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன். ஒரு ஃப்ளான் மட்டும் கொண்டு வாங்க, போதும்."

ஆளை விட்டாளே என்று எவரிஸ்தோவுக்குப் பெரிய நிம்மதி. மதிய நேரம், கடை நிரம்பி வழிந்தது. புதிதாக வந்த மூன்று மேஜைகளின் ஆர்டரை மனசுக்குள் உருப்போட்டபடியே ஃப்ளானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

"எவரிஸ்தோ."

திரும்பினார்.

ஃப்ளான் மேஜையின் நட்டநடுவில் இருந்தது. அவளுடைய இடதுகைப் பக்கம் ஒரு ஸ்பூன். எதிரே, யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் இன்னொரு ஸ்பூன்.

எவரிஸ்தோ மேஜைக்கு ஓடிவந்தார். "சென்யோரா, அது... ஏதோ கை தவறி..."

"கை சரியாத்தான் வச்சிருக்கு. நடுமேஜையில நடந்ததைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு, உங்க வாயைக் கேட்டுப் பிரயோஜனமில்ல, நாற்காலியைத்தான் கேக்கணும்னு."

அழப்போகிறாள், அல்லது தட்டைத் தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தார். தன் வேலையை நினைத்துப் பயமாக இருந்தது. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அந்த இரண்டாவது ஸ்பூனையாவது அவள் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம் என்று கையை நீட்டினார்.

"அதை எடுக்காதீங்க, இருக்கட்டும்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தாள். உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினாள். எதிர் நடைபாதையில், மரத்தடியில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்த சாம்பல் நிறத் தொப்பிக்காரர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு அவசரமாகத் தெருவைக் கடந்தார்.

"இவரு ஒரு வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. புருஷனுக்குத் துரோகம் பண்ண மனசாட்சி இடம் கொடுக்காம நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்" என்ற அவள், எதிர் நாற்காலியைக் காலால் மெல்ல நகர்த்தி வைத்தாள். "பில் குடுத்ததும் எங்களையும் மறந்துடுவீங்கல்ல?"