முடா ஆற்றுக்கு அந்தப் பக்கம்

"மேசையைத் தொடாதேன்னு சொல்றேன்ல! நாலடி தள்ளி நில்லு!"

பாஸ் எழுதிக்கொடுக்கும் பரஞ்சோதி கிராணி போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருளப்பனுக்கு உடம்பே குறுகிப்போனது.

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன் அவன். பாஸ் ஆபீசுக்கு இது மூன்றாவது நடை.

அவன் மனைவி பாப்பம்மா பிரசவத்துக்காகப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். போன மறுமாதமே, மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் கெடா மாநிலத்தைத் தூக்கிச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டான். முடா ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேருக்குச் சயாம், அந்தப் பக்கம் ஜப்பான். சைக்கிளில் போய்வந்த ஊர் ஒரே நாளில் வெளிநாடாகிவிட்டது.

பெண் குழந்தை பிறந்து நாலு மாதமாகிறது. அதன் முகத்தைப் பார்க்கவும் பாஸ் வேண்டும்.

முதல் தடவை போனபோது, "ஊர் சுத்திப் பார்க்கறதுக்கெல்லாம் பாஸ் கிடையாது, போ" என்றார் பரஞ்சோதி.

இரண்டாம் தடவை இருளப்பன் முகத்தை மழித்து, இருந்த ஒரே வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனான். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, நீ கல்யாண மாப்பிள்ளையா? அடுத்த வாரம் வா. இந்தக் கோலத்துல வந்தே, பாஸே கிடைக்காது!"

பக்கத்து மேசைக் கிராணிக்குச் சிரித்த முகம். வந்தவனை உட்காரவைத்துப் பேசி, அன்றைக்கே பாஸ் கொடுத்து அனுப்பினார். ஆனால் சுங்கை லாலாங் ஆட்களுக்கெல்லாம் பரஞ்சோதியின் மேசைதான்.

இன்று இருளப்பனுக்கு ஒரு வாரத் தாடி, ஒட்டுப்போட்ட கால்சட்டை. பரஞ்சோதிக்குப் பின்னால் இடுப்பில் வாளோடு ஜப்பான் அதிகாரி ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"எதுக்குப் போறே?"

"பொண்டாட்டி புள்ளயப் பார்க்கத்தானுங்கய்யா. பத்தே நாள்ல திரும்பிடுவேன்."

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் பேசுடா!"

பரஞ்சோதி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதிகாரி ஏதோ கேட்டான். அவர் குனிந்து ஜப்பான் பாஷையில் பதில் சொன்னார். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

பரஞ்சோதி மளமளவென்று எழுதி, முத்திரை குத்தி, பாஸை அடிக்கோலால் தரையில் தள்ளிவிட்டார்.

"எடுத்துக்கிட்டு ஓடு!"

குனிந்து பொறுக்கும்போது இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பால்வாடை அடிக்கிற கூலிதான். அதுக்காக நாயை விரட்டுற மாதிரியா விரட்டணும்? அவரும் தமிழன்தானே?

மறுநாள் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் முருகையா என்று ஓர் இளவட்டம், பெண்டாங்கிலிருந்து வந்தவன்.

"எனக்கு ஒரே நாள்ல கிடைச்சிருச்சு அண்ணே. அந்தச் சிரிச்ச முகக் கிராணி இருக்காரே, தங்கமான மனுசன் லா!"

"குடுத்து வச்சவன் தம்பி நீ. எனக்கு வாய்ச்சது ஒரு பேய்."

முடா ஆற்றுப் பாலத்தில் எல்லாரையும் இறக்கினார்கள். அந்தக் கரையில் ஒரு லாரி நின்றது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற லாரி. அதில் போனவர்களில் திரும்பி வந்தவர்களை இருளப்பன் பார்த்ததில்லை.

ஜப்பான் சிப்பாய் முருகையாவின் பாஸைப் பார்த்தான். அவன் தோளை அமுக்கிப் பார்த்தான். பிறகு லாரியைக் காட்டினான்.

"பாஸ் இருக்கு! துவான், பாஸ் இருக்கு!" என்று முருகையா கதறியது எடுபடவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் ஏற்றப்பட்டார்கள்.

அடுத்து இருளப்பன்.

சிப்பாய் பாஸைப் படித்தான். சட்டென்று பின்வாங்கி அதை அவன்மேலேயே வீசினான். துப்பாக்கி முனையால் எட்ட நின்றபடி, போ போ என்று விரட்டினான்.

எதற்கு என்று தெரியாமலே இருளப்பன் ஓடினான்.

மைத்துனர் சின்னையாவின் வீட்டை அடைந்தபோது சாயங்காலம். பாப்பம்மா குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அது அவன் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதோடு அவன் அழுகை வெடித்தது.

பாலத்தில் நடந்ததைச் சொன்னான். பாஸ் வாங்கிய கதையையும் சொன்னான். "என்னை ஒரு மனுசனாவே மதிக்கலை மச்சான் அந்தாளு."

"எங்கே, பாஸைக் குடுங்க மாப்பிள்ளே" என்றார் சின்னையா. அரிசிக் கடையில் கணக்கெழுதுகிறவர்; பாஸில் ஜப்பான் எழுத்துக்குக் கீழே இருந்த மலாயைப் படிக்கத் தெரிந்தவர். இரண்டு வரி படித்ததும் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு எத்தனை நாளாச் சயரோகம்?"

பாப்பம்மா திடுக்கிட்டுக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சயரோகமா? எனக்கா? எனக்குச் சளிகூடப் பிடிச்சதில்லையே!"

"முத்திப்போன சயரோகம், கிட்டப் போனா ஒட்டிக்கும், எந்த வேலைக்கும் ஆகமாட்டார், பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போறார்னு எழுதியிருக்கே!"

பாப்பம்மா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து குழந்தையை அவன் மடியில் திரும்பவும் வைத்தாள்.

சின்னையா மிச்சத்தையும் படித்தார்.

"'இதில் பொய் எழுதியிருந்தால் எழுதியவர் தலை வெட்டப்படும்'னு அச்சடிச்சிருக்கு மாப்பிள்ளே. அதுக்கு நேர் கீழே, முழுப் பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு பரஞ்சோதி."