அசென் கேட்ட புகை

“இருக்கறதுலயே பவர் அதிகமானதைக் குடும்மா,” என்றார் அசென். நெற்றியெல்லாம் வியர்வை.

பிளோவ்திவ் நகரில் இ-சிகரெட் கடை வைத்திருக்கும் ரட்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுக்கு முன்னாடி பிடிச்சிருக்கீங்களா?”

“சிகரெட்டைக்கூடத் தொட்டதில்ல.”

“அப்ப இந்தச் சின்னது போதும் சார். பெருசை இழுத்தா இருமியே குடல் வாய்க்கு வந்துடும்.”

“வரட்டும். எனக்குப் புகை குபுகுபுன்னு கொட்டணும். இன்னிக்குச் சாயந்திரம் கொட்டலேன்னா என் வேலை போயிடும்.”

“நிக்கோட்டின் எவ்வளவு?”

“சுத்தமா வேணாம். பிள்ளைங்க இருப்பாங்க.”

ரட்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எத்தனை பிள்ளைங்க?”

“நூறு பேர் இருக்கும். ஸ்ட்ராபெர்ரி வாசனை இருந்தா இன்னும் குஷியாயிடுவாங்க.”

சிறுவர்களுக்கு விற்றதற்காகப் பக்கத்துத் தெருக் கடைக்குச் சீல் வைத்தது போன மாதம்தான். ரட்கா சட்டென்று போலீசுக்குப் போன் போட்டாள். “உடனே வாங்க சார்! ஒரு ஆளு நூறு குழந்தைங்களைக் கெடுக்கப் பாக்கறான்!”

அசென் பதறிப்போய்ப் பையைத் திறந்தார். பச்சை நிற டிராகன் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“பொம்மலாட்டம்மா! எங்க புகை மெஷின் போன வாரமே படுத்துடுச்சு. புகை விடாத டிராகனைப் பாத்து அரங்கமே சிரிச்சுது. இன்னிக்கும் சிரிச்சா முதலாளி என்னை வெளிய தள்ளிடுவார்.”

ரட்கா அசடு வழிய விஷயத்தைப் போனில் சொன்னாள்.

“பெருசாவே குடும்மா,” என்றார் போலீஸ்காரர். “போன வாரம் எம் பொண்ணு அந்த டிராகனைப் பாத்துப் பயப்படவே இல்ல. மேடையேறி அதுக்கு பிஸ்கட் ஊட்டப் போயிட்டா!”