எம்.பி. கொழும்புக்குப் போயிட்டார்

"எம்.பி. இரிக்காரா தம்பி?"

கல்லடியில் எம்.பி. வீட்டுக் கேற்றடியில் நின்ற நல்லரத்தினம் திரும்பிப் பார்த்தார். கறுப்பு அபாயா போட்ட வயசான பெண்மணி. கையில் ஒரு சின்னப் பை.

"எங்கயிருந்து வாறீங்க?"

"காத்தான்குடி. ஆசியா உம்மா எண்டு சொன்னா அவருக்குத் தெரியும்."

அதுதான் நல்லரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. அவருக்குத் தெரியுமாம். விடிய வந்து கால் கடுக்க நிற்கிற இவரை எம்.பி.க்குத் தெரியாது. இப்போதுதான் வந்த இந்த உம்மாவை நேரே உள்ளே கூப்பிட்டுவிடுவார்.

போன ஞாயிறும் அதுதான் நடந்தது. பிந்தி வந்த ஏறாவூர்க்காரர் ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்தார். இவருடைய முறை வருவதற்குள் எம்.பி. வேனில் ஏறிவிட்டார். வந்த விசயத்தை இணைப்பாளர் யசோதினியிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

எம்.பி.யின் கிழமை அப்படி. நாலு நாள் பாராளுமன்றம், ஒரு நாள் அமைச்சுகளின் படியேறுவது, சனிக்கிழமை ஊர்க் கூட்டங்கள். சனம் அவரை வீட்டில் பிடிக்கக்கூடியது ஞாயிறு மத்தியானம் வரைக்கும்தான். இன்றைக்கும் வெயில் ஏறிவிட்டது. நல்லரத்தினத்துக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

வோட்டுக்கு எங்கட ஆரையம்பதி, வேலை செய்து குடுக்கக் காத்தான்குடியா?

"எம்.பி. கொழும்புக்குப் போயிட்டார்" என்றார்.

ஆசியா உம்மாவின் முகம் வாடியது.

"அதான் போனும் எடுக்கல்லியா? அவசரமான விசயம் தம்பி."

"எல்லாருக்கும் அவசரம்தான். அடுத்த கிழமை வாங்க."

அவ கையிலிருந்த பையை ஒருக்காப் பார்த்தா. பிறகு, "சரி தம்பி, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு றோட்டுப் பக்கம் நடந்தா.

அந்த வார்த்தை நல்லரத்தினத்தைக் கொஞ்சம் சுட்டது. ஆனால் வீட்டில் மூச்சு வாங்கக் கிடக்கும் மனைவி புஸ்பத்தை நினைத்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

ஒருவழியாக முறை வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ராத்திரி நித்திரை இல்லாத கண்களோடு எம்.பி. நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லரத்தினம் அண்ணன்தானே? இருங்க. புஸ்பம் அக்காட விசயம். யசோதினி போன கிழமையே சொன்னா."

நல்லரத்தினம் கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"முந்தி ஒப்பரேசனுக்குத் தந்த திகதிக்கு நீங்க போகல்லியாமே?"

"எங்க சேர் போற? ஒப்பரேசன் முடிய ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட தங்கி இருக்கணுமாம். கொழும்பில எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. இந்தத் திகதியையும் விட்டா அவட நெஞ்சு தாங்காதெண்டு டொக்டர் சொல்றார்."

"எனக்குக் கொழும்பில அரசாங்கம் தந்த வீட்டில கூப்பிட்டு வச்சிருப்பன். அங்க ஏற்கனவே நம்மட பக்க நோயாளிகள்தான். நான் ஹோலில பாயப் போட்டுப் படுக்கிறன்" என்று எம்.பி. சிரித்தார். "கிழமை முழுக்க அலைஞ்சு இப்பதான் ஒரு இடம் சரி வந்திரிக்கி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில வீடு. வீட்டுக்காரப் புள்ள குடும்பத்தோட கட்டாருக்குப் போயிட்டா. தாய்க்காரி வாடகையும் வேணாமெண்டுட்டா."

நல்லரத்தினத்தின் கண் நிறைந்தது. கும்பிடக் கையெடுத்தார்.

"எனக்கெதுக்கு அண்ணன்? அவவைக் கும்பிடுங்க. பின்னேரம் எண்ட வேனிலயே புஸ்பம் அக்காவையும் ஏத்திட்டுப் போவம். வீட்டுக் கதவுத் திறப்போட வாறனெண்டவ, இன்னும் காணல்ல." எம்.பி. வெளியே எட்டிப் பார்த்தார். "யசோதினி, காத்தான்குடி ஆசியா உம்மா வந்தாவா?"

"இல்ல சேர், காலையில இருந்து பாத்திட்டுத்தான் இரிக்கன்."

கும்பிட எடுத்த கை அப்படியே நின்றது.

"இப்ப வாறன் சேர்" என்றவர் எழும்பி ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. தார் றோட்டு உள்ளங்காலைச் சுட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பஸ் ஏறிப் போயிருந்தால் காத்தான்குடியில் எந்த ஒழுங்கை என்று தேடுவது? புஸ்பத்தின் உயிரை என் வாயாலேயே அனுப்பிவிட்டேனே என்று நினைத்தபடி ஓடினார்.

பஸ் நின்றிருந்தது. ஆசியா உம்மா ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு கொண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தா.

"ஆரையம்பதிக்குப் போகுமா மகன்?"

காத்தான்குடியைத் தாண்டித்தான் ஆரையம்பதி. இவவுக்கு அங்கே என்ன வேலை?

"உம்மா, நில்லுங்க!"

அவ திரும்பிப் பார்த்து இறங்கினா. பஸ் போய்விட்டது.

"என்ன தம்பி, இந்த வெயிலுக்க செருப்புமில்லாம?"

நல்லரத்தினம் மூச்சு வாங்கினார்.

"நீங்களும் ஆரையம்பதிப் பக்கமா?" என்று அவவே கேட்டா.

"ஓம்."

"நல்லதாப் போச்சு." ஆசியா உம்மா பையைத் திறந்து ஒரு திறப்பை எடுத்தா. "எம்.பி. போயிட்டாருண்டு நீங்க சொன்னதும் எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. நோயாளியை அடுத்த கிழமை மட்டும் காக்க வைக்க ஏலுமா? அதான் நானே கொண்டு போய்க் குடுப்பமெண்டு வெளிக்கிட்டன். புஸ்பமாம் பேரு. அந்தப் புள்ளைட வீடு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தன் வீட்டைத் தனக்குத் தெரியும் என்று சொல்ல நல்லரத்தினத்துக்கு நா எழவில்லை.