ஒரே அடாப்டர்

"நேத்தும் ஆறு மணிக்கு மேல ஸ்டார் எரிஞ்சுதுங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. நான் கிட்டகூடப் போகல."

கெசியா கணவன் ஜோஸ்வினிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். இப்போது பேசுகிறாள், ஆனால் குடிலைப் பற்றி மட்டும். மனநல டாக்டரிடம் போகலாம் என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். அசையவில்லை.

சேலையூர் பிளாட்டின் ஹால் மூலையில் இருந்த அந்தக் கிறிஸ்துமஸ் குடில் முழுக்க அவன் கைவேலை. ஓடைத் தண்ணீருக்கு ஒரு குட்டி மோட்டார், மேலே நட்சத்திரம், ஒரு தாலாட்டுப் பாட்டு. நடுவே வைக்கோல் பரப்பிய தொட்டி, அதன் அடியில் எடை பார்க்கும் சென்சார். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து குழந்தை இயேசுவின் சின்னச் சிலையான சுரூபத்தைத் தொட்டியில் வைத்ததும் நட்சத்திரம் எரிந்து பாட்டு தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை தொட்டி காலியாக இருப்பதுதான் வழக்கம். சுரூபம் பீரோவில் கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

"தொட்டி காலியா இருக்கு கெசி. சென்சார்தான் தப்பாக் காட்டுது."

"காலின்னு யார் சொன்னா?"

ஜோஸ்வின் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பள்ளிக்கரணையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் பிரசன்னாவுக்குப் போன் போட்டான்.

"மச்சான், எல்லாத்துக்கும் ஒரே அடாப்டரா குடுத்திருக்க?"

"அந்த மூலையில ஒரே பிளக் பாயின்ட்தான்டா."

"அதான் பேஜாரு. ஆறு மணிக்கு டைமர்ல மோட்டார் ஓடுதுல்ல? அது கரன்ட்டை இழுக்கும்போது மத்ததுக்கெல்லாம் வோல்டேஜ் விழும், சென்சார் உளறும். கீழ் வீட்ல குழாயைத் திறந்தா உங்க வீட்ல தண்ணி நூலா வருமே, அதே கதை. பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணு போடு, அது கரன்ட்டைச் சேத்து வச்சுக் குடுக்கும். எடையைக் காட்ட சின்ன டிஸ்ப்ளே ஒண்ணு வை. உன் பேய் ஓடிடும்."

ஜோஸ்வினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆக, புத்தி தடுமாறியது மெஷினுக்குத்தான், மனைவிக்கு இல்லை!

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கெப்பாசிட்டரையும் டிஸ்ப்ளேயையும் சால்டர் வைத்தான். மோட்டாரைப் பத்து முறை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தான். டிஸ்ப்ளேயில் பூஜ்ஜியம் அசையவே இல்லை.

"இன்னைக்கு எரியலைன்னா டாக்டர்கிட்ட வருவியா?"

"வரேன். எரிஞ்சா?"

"எரியாது."

"எரிஞ்சா நீங்க அணைக்கக் கூடாது."

சரி என்றான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

ஆறு மணி. மோட்டார் ஓடியது, ஓடையில் தண்ணீர் சலசலத்தது. டிஸ்ப்ளேயில் பூஜ்ஜியம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நட்சத்திரம் இருட்டாகவே இருந்தது.

"பாத்தியா?" என்று சிரித்தான் ஜோஸ்வின்.

சோபாவில் இருந்த கெசியா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருங்க. வரும்."

ஆறு ஐந்துக்கு வைக்கோல் லேசாக அமுங்கியது. நட்சத்திரம் எரிந்தது. தாலாட்டு தொடங்கியது.

ஜோஸ்வின் பாய்ந்து போய் மோட்டார் வயரைப் பிடுங்கினான். தண்ணீர் நின்றது, பாட்டு நிற்கவில்லை. குனிந்து டிஸ்ப்ளேயைப் பார்த்தான். 640 கிராம். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. சுரூபம்கூட இருநூறு கிராம்தான்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் கெசியா. "இப்பதான் தூங்குது."

ஜூலையில், அவள் நினைவில்லாமல் கிடந்தபோது, வெள்ளைத் துணியில் சுற்றியதை அவன் கையில் கொடுத்த நர்ஸ் கூடவே ஒரு சீட்டையும் கொடுத்திருந்தாள். கெசியாவுக்கு இன்றுவரை காட்டாமல் அவன் பர்ஸில் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டில் எழுதியிருந்தது: பெண் குழந்தை, இறந்து பிறந்தது, எடை 640 கிராம்.