ஓரம் தெரியாமல்

"இந்த வீடியோவுல மாப்பிள்ளையை மட்டும் எடுத்திரணும்மா. எங்கயுமே அவன் தெரியக் கூடாது."

பென்டிரைவை மேசைமேல் வைத்தார் சிவக்குமார். சமயநல்லூர்க்காரர். நாற்பது வயசிருக்கும்.

ஆரப்பாளையத்தில் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்யும் இந்துப்ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் கல்யாணம்ணே?"

"என் தங்கச்சி கனகலட்சுமி கல்யாணம்."

"தங்கச்சி புருஷனையா அழிக்கச் சொல்றீங்க? லவ் மேரேஜா?"

"இல்லம்மா. நான் பாத்து முடிச்ச மாப்பிள்ளைதான்."

'நீயே கட்டி வச்சிட்டு, தகராறுன்னு வந்ததும் ஆளையே அழிக்கிறியாக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்க வேண்டியதில்லம்மா."

அந்தப் பதிலே அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வந்த வேலையை விட மனசில்லை.

மாப்பிள்ளை தள்ளி நின்ற இடமெல்லாம் சுலபமாக முடிந்தது. அவனைச் சுற்றி 'மாஸ்க்' எனும் எல்லைக்கோடு வரைந்து, பின்னாலிருந்த பூ அலங்காரத்தை வைத்து மூடினாள். மாலை மாற்றும் இடம்தான் படுத்தியது.

முடித்துவிட்டுச் சிவக்குமாரை வரச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

"நிறுத்தும்மா. கழுத்துக்கிட்ட பாரு."

பெண்ணின் மாலையைச் சரிசெய்ய மாப்பிள்ளையின் கை அவள் கழுத்தருகே வரும். அந்தக் கையை நீக்கி, வேறு ஷாட்டிலிருந்து கழுத்தை எடுத்து ஒட்டியிருந்தாள். ஒட்டிய ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. நிறமும் கொஞ்சம் மட்டு.

"சின்னக் கோடுதாண்ணே. யாரு இம்புட்டு உத்துப் பாக்கப் போறா?"

"பாக்குற ஆளு இருக்கும்மா."

"பேசாம அந்த சீனையே வெட்டிரலாமே?"

"வேணாம்மா. அதுலதான் அவ வாய்விட்டுச் சிரிக்கிறா."

எரிச்சலோடு மறுபடி ஆரம்பித்தாள். ஓரத்தை மென்மையாக்கினாள். மென்மை கூடிப் போனதும், அழித்த விரல்களின் நிழல் புகை மாதிரி எட்டிப் பார்த்தது. குறைத்தாள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கழுத்தின் நிறத்தை முகத்தின் நிறத்தோடு சேர்த்தாள். கோடு மறைந்தது.

திரையில் கனகலட்சுமி தனியாக நின்று சிரித்தாள்.

சிவக்குமார் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.

இந்துப்ரியாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கட்டும். நாளைக்கு இதை உங்க தங்கச்சி பாத்தா என்ன பாடு படும்? இம்புட்டு வன்மம் ஆகாது."

"தங்கச்சி உயிரோட இல்லம்மா. போன ஆடியில போயிட்டா."

இந்துப்ரியா மவுசை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அவ மகளுக்குத்தாம்மா இது. ஆறு வயசு. 'அம்மா சிரிக்கிறதைப் போடு மாமா'ன்னு தெனமும் கேக்குது. போட்டா, அவன் கை வர்ற இடத்துல அலறிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிப் பூந்துக்கிருது."

"பெத்த அப்பாவைப் பாத்தா..?"

பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவன் என் தங்கச்சி கழுத்தை நெரிச்சப்ப, புள்ள அந்த ரூம்லதாம்மா இருந்துச்சு."