பழையபடி ஆக்கித் தாங்கோ

"அண்ணை, இதைப் பழையபடி பழுதாக்கித் தாங்கோ."

கோபிசங்கர் தலை நிமிர்ந்தான். யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடமாக மோட்டச்சைக்கிள் திருத்துகிறவன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"என்ன தங்கச்சி, பகிடியோ?"

"பகிடி இல்லை. ஒயில் மாத்தத்தானே சொன்னனான்? காபரேற்றரிலை கைவைக்கச் சொல்லி ஆர் கேட்டது?"

குருநகரில் இருந்து வந்திருந்தாள் மேர்சி. தையற்கடையில் வேலை. மூன்று நாளைக்கு முன் அவள் அந்த மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்தபோது எஞ்சின் விக்கி விக்கி நின்றது. பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்து, பிளக் அடுப்புக்கரியாய் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனம் வரவில்லை. காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, திருகாணியை மயிரளவாய்த் திருப்பித் திருப்பி, காதால் கேட்டுக் கேட்டுச் சரிப்படுத்தினான். அதற்கென்று கூலியும் வாங்கவில்லை.

"இப்ப இழுவையும் கூட. பூனை மாதிரிச் சத்தமில்லாமல் போகுதே!"

"அதுதான் எனக்கு வேண்டாம். நானும் திருகிப் பாத்தன், வரேல்லை."

ஸ்கூட்டர் திருத்த வந்திருந்த தியாகராசா வாத்தியார் சிரித்தார். "நல்லது செய்தால் உதுதான் தம்பி. எஞ்சினை விட்டிட்டு உந்தப் பிள்ளையை ஒருக்கா ரியூன் பண்ணிவிடும்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "ஆறு மணிக்கு முன்னம் வேணும் அண்ணை."

கோபத்தோடு திருகாணியை இறுக்கினான். கறுப்புப் புகை வந்தது. "இந்தா, சந்தோசமோ?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இல்லை. உது கெதியா விக்குது. கொஞ்சம் ஆறுதலா விக்கவேணும்."

நாலாம் தரம்தான் தலையாட்டினாள். "உதுதான். ஆனால் எங்கடை ஒழுங்கைக்குள்ளை திரும்பேக்கையும் அப்பிடி வருதோ எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ."

நாளைக்கும் வந்து நின்று சண்டை பிடிப்பாள் என்ற பயத்தில் அவனே ஓட்டிக்கொண்டு போனான். ஒழுங்கை முகப்பில், பின்னால் இருந்தவள் மெல்லச் சொன்னாள்.

"எங்கடை வீட்டு முத்தத்திலை ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ அண்ணை. அப்பாவுக்குக் கேட்டிடும். இது என்ரை தம்பி றோயின்ரை மோட்டச்சைக்கிள். அவன்தான் தன்ரை பாட்டிலை திருகி உப்பிடி விக்கவைச்சவன்."

"இப்ப ஆள் எங்கை?"

"கடலிலை மூழ்கிச் செத்துப்போனான். ரெண்டு மாசமாச்சு. அந்த நேரம் அப்பா நெஞ்சு ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியிலை. தாங்கமாட்டார் எண்டு இன்னும் சொல்லேல்லை. சீனி வருத்தத்திலை கண்ணும் தெரியாது."

"மகன் எங்கை எண்டு கேக்கமாட்டாரோ?"

"கேக்கமாட்டார். அப்பாவின்ரை வள்ளத்தை விட்டிட்டு வேறை ஆளின்ரை வள்ளத்திலை போனவன் எண்டு, ரெண்டு வருசமா ரெண்டுபேருக்கும் கதை பேச்சில்லை. பின்னேரம் இந்தச் சத்தம் வந்தால்தான் சோத்துக் கோப்பையிலை கைவைப்பார். நான்தான் வேலையாலை ஓடிக்கொண்டு வாறனான். இப்ப மூண்டு நாளா அவர் ஒண்டும் தின்னேல்லை."

கோபிசங்கர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கைக்குள் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை விக்கி, நிற்கப்போய், பிறகு நிற்காமல் முற்றம்வரை வந்தது.

அவன் அதை நிறுத்தப் போனான். மேர்சி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு யாரோ வாசலுக்கு வரும் சத்தம்.

"றோய்... வந்திட்டியே மோனை? வா, அப்பாவோடை இருந்து சாப்பிடு."